செவ்வந்தி கேட்ட முகம்

எங்கள் கடைத்தெருவில் அரசப்பன் படம் வரையும் கொட்டகைக்குக் கதவு கிடையாது. பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த நான், மெஷினை மிதித்த நேரத்தைவிட அவன் வரைவதை வேடிக்கை பார்த்த நேரம்தான் அதிகம். ஊரே அப்படித்தான். கட்சிச் சின்னமோ கடைப் பலகையோ, எதை வரைந்தாலும் பின்னால் நாலு பேர் நின்று மூக்கு கோணல், மீசை பத்தாது என்று குறை சொல்வோம். "நீங்களே வரைஞ்சுக்குங்கய்யா" என்பானே தவிர, ஒருவரையும் போகச் சொல்ல மாட்டான்.

கழக ஆட்சி வந்த புதிது. ஒருநாள் செவ்வந்தி வந்தாள். அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் முதுகு வளைந்தவள். முந்தின வருஷ அறுவடையில் கூலி நெல் கூட்டிக் கேட்டவர்களில் அவள் மகன் ரெத்தினம்தான் முன்னால் நின்றான். பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அடிதடியானது. அன்று மாலை களத்தில் வைக்கோல் போர் எரிந்தது. கொளுத்தியது யாரென்று தெரியாது. வழக்கு மட்டும் ரெத்தினத்தின் பேரில். அவன் அன்றைக்கு ஓடியவன்தான்.

"இருக்கானோ இல்லையோ தெரியலைங்க. போட்டோ ஒண்ணும் புடிச்சதில்ல. மொகம் கொஞ்சங்கொஞ்சமா மறக்குதுங்க" என்றாள்.

பார்க்காத ஆளை வரைய அரசப்பனுக்கு ஒரு வழி இருந்தது. கொட்டகையில் நிற்பவர்களைக் காட்டி, "யாரு மாதிரி கண்ணு?" என்று கேட்பான். செவ்வந்தி எங்களை நிமிர்ந்து பார்க்கவே கூசினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கை நீட்டினாள். புருவம் டீக்கடைத் தியாகராசனுடையது. காது என்னுடையது.

"கழுதக் காதக் குடுத்துட்டியே டெய்லரு" என்று தியாகராசன் சொல்ல, அவளும் சிரித்துவிட்டாள். அரசப்பன் உதட்டைத் திருத்தியதும் அந்தச் சிரிப்பு நின்றது.

"அவன்தாங்க" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து நின்றது அப்போதுதான். ரெத்தினத்தின் முகம் தெரியாததால்தான் போலீஸ் வருஷம் முழுக்க வெறுங்கையோடு அலைந்தது. அந்தப் படம் ஸ்டேஷனுக்குப் போனால் அவன் தொலைந்தான். வேடிக்கை பார்க்கும் மும்முரத்தில் அத்தனை தடியன்களில் ஒருவனுக்கும் இது உறைக்கவில்லை.

"யாரும்மா இது? ஒன் மவனா?"

"இல்லீங்க. எம்மவன் மொகம் இப்படி இருக்காதுங்க."

"வெளம்பரத்துக்கு வரைஞ்சதுங்க. சும்மா ஒரு மொகம்" என்றான் அரசப்பன்.

"சும்மா மொகந்தானே? அப்ப நீயே தொடைச்சிடும்மா, பார்ப்போம்." மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் தயங்கினால் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது எங்களுக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது.

தகரத்தில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. செவ்வந்தி நெற்றியில் ஆரம்பித்தாள். பாத்திரம் துலக்குவது போல அழுத்தித் துடைத்தாள். கண்ணும் வாயும் ஒன்றாகக் குழம்பின. தகரம் வெளுக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அந்த ஆள் நகர்ந்தார். இன்றுவரை அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரெத்தினம் பிடிபடவில்லை. கூலிக்குச் சட்டம் வந்தது, அதைப் பேச மேடைக்கு மேடை ஆள் வந்தார்கள். அவன் மட்டும் வரவில்லை. ஒருநாள் அறுப்புக்குப் போய்க்கொண்டிருந்த செவ்வந்தியை அரசப்பன் கூப்பிட்டான்.

"அந்த எஸ்.ஐ. மாத்தலாகிப் போயிட்டாரு. வா செவ்வந்தி, இன்னொரு தடவ வரைஞ்சிடுவோம். நாங்க எல்லாரும் இருக்கோம்."

அவள் தெருவிலேயே நின்றாள்.

"வேணாங்க. எப்படி இருப்பான்னு கேப்பீங்க. நெனச்சா, நான் தொடைச்ச மொகந்தாங்க வருது."