ராஜபாய் அக்கா விளம்பிய ஆப்பம்

எங்கள் சபையில் அசனம் நடந்தால் பந்தியில் விளம்பிப் பரிமாறுகிறவர்களில் முதல் ஆள் ராஜபாய் அக்கா. சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அந்த விருந்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. உட்கார்ந்தவர் முன்னால் இலை விழும், இலையில் சோறு விழும். இருபது வருடமாக அக்காவின் கை அதற்குப் பழகியது.

அதனால்தான் வாலிபர் சங்கச் செயலாளர் ஜெபிஷ், பெண்பிள்ளைகளின் வாலிபால் பயிற்சிக்குப் பணம் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உணவு வைத்தபோது, விளம்பும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்தான். வாசலில் நூறு ரூபாய்க்கு டோக்கன். டோக்கனைக் கொடுத்தால் ஆப்பமும் கடலைக்கறியும். நாகர்கோவிலிலிருந்து வரும் கோச்சுக்கு அதிலிருந்துதான் சம்பளம். பணம் சேராவிட்டால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார். அக்காவின் மகள் ஜெஸ்மியும் அந்த டீமில் இருக்கிறாள். மாவட்ட அணித் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் கூட்டம் மொத்தமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. சிலர் கையில் தூக்குவாளிகூட இருந்தது. நானும் உட்கார்ந்தேன். டோக்கன் எங்கே என்று கேட்கக் கூச்சம். யோசிப்பதற்குள் என் முன்னால் இரண்டு ஆப்பம் விழுந்துவிட்டது.

ஜெபிஷ் ஓடிவந்தான். "மாமி, டோக்கன வாங்கிட்டு வெளம்புங்க!"

"பந்தியில இருந்த ஆளுக்கிட்ட டோக்கன் கேக்கதா? நல்ல கத மக்கா."

"இது அசனம் இல்ல மாமி!"

"பின்ன எதுக்குப் பெஞ்சு போட்ட?"

அதற்குள் "வீட்டுல ரெண்டு பேரு உண்டு" என்று ஒருவர் தூக்குவாளியை நீட்டினார். அக்கா அதிலும் போட்டார்.

எல்லோரும் போன பிறகு பார்த்தால் ஆப்பம் ஒன்றுகூட மிச்சமில்லை, டோக்கன் கட்டில் பாதி கிழிக்காமலே கிடந்தது. ஜெஸ்மி அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வீடு வீடாக டோக்கன் காசு கேட்கக் கிளம்பினார். டோக்கன் எடுத்தவர்களுக்குக் கோபம் வந்தது. எடுக்காதவர்கள் எடுத்ததாகச் சொன்னார்கள்.

"ரத்தினம் அண்ணன், 'நான் நேத்து களியக்காவிளையிலல்லா நின்னேன்'னு சொல்லுதாரு. மூணு ஆப்பம் வச்சது இந்தக் கைதான். நான் வேற ஆருக்கும் வச்சேனோ?" என்று என் வீட்டு வாசலில் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட வந்த ஜெஸ்மி நாலடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நானும் டோக்கன் எடுக்கல்ல" என்றேன்.

"நீயுமா?" என்றார். அது கோபமா, ஆறுதலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

உள்ளே போய் நூறு ரூபாய் எடுத்து வந்து நீட்டினேன். அக்காவின் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

"வேண்டாம் பிள்ளே. நான் வெளம்புனேன், நீ தின்ன. அதுக்கு நான் எப்படிக் காசு வாங்குவேன்?"

"பின்ன எதுக்கு அக்கா வந்திய?"

"அதுதான் எனக்கும் தெரியல்ல."

ஜெஸ்மி விறுவிறுவென்று எங்கள் நடுவே வந்து கையை நீட்டினாள்.

"என் கையில தாங்க சித்தி. நான் வெளம்பல்லல்லா."

கொடுத்தேன். நோட்டை மடித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "வாங்க, ரத்தினம் மாமாக்க வீட்டுல நான் கேக்கேன்."

"ஏட்டி, அவரு என்ன நெனப்பாரு?"

அவள் நிற்கவில்லை. போகவா வேண்டாமா என்பதுபோல அக்கா என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. மகள் தெருமுக்குத் திரும்பி மறைந்த பிறகுதான் அவர் மெதுவாகப் பின்னால் நடந்தார்.