பூஜைக்கு முந்தின நாளோடு நின்ற நகல்

அரியலூர் ஸ்கேன் சென்டரில் இடி இறங்கி சர்வர் கருகிவிட்டது என்று போன் வந்தபோது நான் பதறவில்லை. அங்கே எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் அப்போதைக்கப்போது கிளவுடில் ஒரு நகல் போய்ச் சேரும்படி நானே ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். நகலை இறக்கினால் வேலை தீர்ந்தது என்று பெரம்பலூரில் பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால், கிளவுடில் இருந்த கடைசிப் படம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எடுத்தது. இப்போது மார்கழி. நடுவில் ஒன்றுமே இல்லை. நெட் சரி, பாஸ்வேர்டு சரி, இடமும் தாராளமாக இருந்தது. மண்டை காய்ந்துபோய் மேசைக்கு அடியில் குனிந்தேன். நகலை அனுப்புகிற சின்னப் பெட்டி சந்தனம், குங்குமம், காய்ந்த மாலையோடு அணைந்து கிடந்தது. அது நின்றால் எனக்கு மெயில் வர வேண்டும். அந்த மெயிலை அனுப்புவதும் அதே பெட்டிதான்.

வரவேற்பில் இருக்கிற அக்காவைக் கேட்டேன். பூஜையில் அணைத்து வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டுமாம். அன்றைக்கே ஒரு விபத்துக் கேஸ் வந்ததால் மெஷினையும் சர்வரையும் மட்டும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பப் போட்டிருக்கிறார்கள். சின்னதையாவது முறைப்படி விட்டுவைப்போம் என்று விட்டதுதான், மறுநாள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். அக்கா அழுதுவிட்டார். அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

வெளியே பெஞ்சில் ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆள் ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. கட்டியைச் சுருக்க மருந்து ஏற்றுவதற்கு முன்னால், பூஜை முடிந்த வாரம், இங்கேதான் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். வீட்டில் வைத்திருந்த பிலிம் மழை ஒழுகலில் நனைந்து ஒட்டிப்போய்விட்டது. பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும், ரிப்போர்ட் மட்டும் போதாது என்று திருச்சி டாக்டர் திருப்பி அனுப்பியிருந்தார்.

"படம் போயிடுச்சுங்க" என்றேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலாம். புதிதாக எடுத்துக்கொள்ளலாமா என்றுதான் கேட்டார். எடுக்கலாம், ஆனால் அதற்கப்புறம் சில மாதம் கழித்து இன்னொன்று எடுத்தால்தான் கட்டி சுருங்குகிறதா வளர்கிறதா என்று தெரியும் என்று சென்டர் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

அவர் டாக்டரம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் அவ இருக்கணும்ல சார்" என்றார்.