தும்பனை மேலே ஏத்துங்க

யாரோ பண்ண தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்பு கேக்கறதுதாங்க எங்க தொழில். கவுன்ட்டர்ல நின்னு திட்டு வாங்கறவங்க, கேஸ் சிலிண்டர் புகார் எழுதறவங்க, "லைன்ல இருங்க"ன்னு சொல்லியே தொண்டை வறண்டவங்க, உங்களுக்கெல்லாம் என் வயித்தெரிச்சல் புரியும்னுதான் எழுதறேன்.

நான் இருக்கறது தங்கவயல்ல, சாம்பியன் ரீப்ஸ். தங்கச் சுரங்கத்து ஆளுங்களுக்குக் கட்டின பழைய மைன்ஸ் லைன் வீடு, மூலையில ஒரு மேஜை, லேப்டாப், காதுல ஹெட்செட். வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு 'வெண்கல மலை'ன்னு புதுசா ஒரு கேம் விட்டுது. டிராகன், மந்திரவாதி, நாலு பேர் கூட்டமா ஊர் ஊரா போய் சண்டை போடற கதை. தமிழ்லயும் விட்டதால, தமிழ்ல வர்ற புகாருக்குப் பதில் சொல்ல என்னைப் போட்டாங்க. பதில்னா என் பதில் இல்லீங்க, கம்பெனி எழுதிக் கொடுத்தது. 'உங்கள் உணர்வை மதிக்கிறோம்'னு ஆரம்பிக்கும். அதுல ஒரு எழுத்து மாத்தக்கூடாது.

நனையுற குதிரை

முதல் வாரம் மதுரையில இருந்து ஒரு காலேஜ் வாத்தியார் போன் பண்ணாரு. கேமைப் புகழ்ந்து தள்ளிட்டாரு. மலை மேல சூரியன் வர்ற அழகைப் பாத்து சாப்பிடவே மறந்துட்டாராம். எனக்கே பெருமையா இருந்துது, நான் வரைஞ்ச சூரியன் மாதிரி.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாரு. கேம்ல மழை பெஞ்சா குதிரைக்குக் காய்ச்சல் வருது, மழைக்கோட்டு போட்டாத்தான் நிக்குது, அந்தக் கோட்டைத் தனியாக் காசு குடுத்து வாங்கணும். முழுக் காசு குடுத்து கேமை வாங்கினவருக்குக் கோபம் வராம இருக்குமா? எனக்கே வந்துது. ஆனா என் கையில இருந்தது ஒரே ஒரு பதில்தான், அதைப் படிச்சேன். மனுஷன் பொறுமையாக் கேட்டாரு. "என் உணர்வு கெடக்குது, விடும்மா. குதிரை நனையுது, அதை மதிக்கச் சொல்லு."

ஒரே வீடு, ரெண்டு மார்க்கு

திருநெல்வேலியில ஒரு வீட்டுல இருந்து காலையில அஞ்சு ஸ்டார் வந்துது, மத்தியானம் அதே வீட்டுல இருந்து ஒரு ஸ்டார். ஏன்னு கேட்டு போன் பண்ணச் சொன்னாங்க. பண்ணேன். அஞ்சு குடுத்தது வீட்டுக்காரம்மா, ஒண்ணு குடுத்தது வீட்டுக்காரர். கேம் குப்பை, கம்பெனி கொள்ளைக்காரன்னு பின்னால அவர் கத்தறது எனக்கே கேட்டுது. அந்தம்மா அலட்டிக்கவே இல்ல. "டிராகன்கிட்ட தோத்துட்டாரும்மா, அந்தக் கடுப்பு. எங்கிட்ட சண்டையில தோத்தாலும் அன்னிக்குக் கொழம்புக்கு ஒரு ஸ்டார்தான்."

ஓடாத ஊரு

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போறது. அடுத்தது அப்படி இல்ல.

கேம்ல நடுவுல ஒரு சுரங்கம் வருது. வாசல்ல ஒரு பலகை, அதுல நாலு கொக்கி. ஆளுக்கொரு டோக்கன் எடுத்துக்கிட்டு நாலு பேரும் கூண்டுல கீழ இறங்கணும். உள்ள போனதும் பாறை வெடிச்சு விழுது. ஓடி வந்து கூண்டுல ஏறி மணி அடிச்சா, கூண்டு மேல வந்துடும். நாலு பேர்ல, வெளக்கு தூக்கிட்டு வர்ற தும்பன்னு ஒரு குள்ளன் மட்டும் கீழ மாட்டிக்குவான். அழுதுக்கிட்டே மேல வந்து ஆளுக்கொரு மெடல் வாங்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடணும். கதை அவ்வளவுதான். சென்னை, மதுரை, சேலம், எல்லா ஊர்க்காரங்களும் அப்படித்தான் போனாங்க.

எங்க ஊர்க்காரங்க போகல. பாதிப் பேரு தும்பனை விட்டுட்டு மணியே அடிக்கல. மீதிப் பேரு மேல வந்து டோக்கனைக் கொக்கியில மாட்டிப் பாத்திருக்காங்க, மூணுதான் இருக்கு. உடனே கூண்டைத் திருப்பிக்கிட்டுக் கீழ இறங்கிட்டாங்க. கீழயே நிக்கவோ திரும்பி இறங்கவோ ஒரு ஆளு இருப்பான்னு கேம் செஞ்சவன் நெனச்சே பாக்கல போல. அப்படியே உறைஞ்சு நின்னுடுது, ஆடின ஆட்டம் மொத்தமும் பூட்டிக்குது.

பெங்களூர்ல இருக்கற என் டீம் லீடர் சைத்ரா போன் பண்ணாங்க. சாம்பியன் ரீப்ஸ், பாலகாட், பங்காருபேட்டை, இங்கிருந்து மட்டும் ஒரே புகார் குவியுது, ஓடுங்கன்னு திரையில பெருசா எழுதியிருந்தும் உங்க ஊர்ல யாருமே ஏன் ஓடலைன்னு கேட்டாங்க. சொன்னேன். மைன்ஸ் ஓடின காலத்துல ஷிப்டு முடிஞ்சு ஒரு டோக்கன் திரும்பலைன்னா ஆளு கீழ இருக்கான்னு அர்த்தம், மேல வந்தவங்க வீட்டுக்குப் போக மாட்டாங்க. மைன்ஸை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு, பழக்கத்தை மூடலயே. சைத்ரா அதைக் குறிச்சுக்கிட்டாங்க. "நீ சொல்றது எனக்குப் புரியுது ஜான்சி. ஆனா கம்பெனி இதை 'விளையாடுபவர் தவறு'ன்னு போட்டு மூடச் சொல்லுது."

ஸ்டெல்லா அக்கா

பக்கத்து லைன் ஸ்டெல்லா அக்கா தினமும் காலை ரயிலப் புடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போறவங்க. போக வர ரயில்ல நின்னுக்கிட்டே இந்த கேம்தான். நாலு மாசமா ஆடறாங்க, தும்பனை ஒரு நாளும் கூட்டத்துல இருந்து கழட்டினது இல்ல. அவங்க ஆட்டமும் அந்தச் சுரங்கத்துல பூட்டிக்கிச்சு. பூட்டின ஆட்டத்தையெல்லாம் வெள்ளிக்கிழமை அழிக்கப் போறோம்னு கம்பெனி அறிவிச்சுது.

ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு நேரா எங்க வீட்டுக்கு வந்தாங்க. அவங்க அப்பா மைன்ஸ்ல வேலை செஞ்சவரு. ஒரு ஏர் பிளாஸ்ட்ல, அதான் பாறை வெடிச்சு விழறதுல, கீழ மாட்டினவரை, ரெண்டு நாள் கழிச்சு கூட்டாளிங்க இறங்கித் தூக்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம்தான் அவருக்குக் கல்யாணமே ஆச்சு, அக்கா பொறந்தாங்க. அவங்க முகத்தப் பாத்து 'உங்க தவறு'ன்னு படிக்க எனக்கு வாய் வரல. முதல்ல இருந்து ஆடி, இந்தத் தடவை மெடல் வாங்கிட்டுப் போயிடலாமேக்கான்னு மட்டும் மெதுவாச் சொன்னேன். "அவன் கீழ கீறான், நான் மேல நின்னு மெடல் போட்டுக்கணுமா? இன்னா பேச்சு பேசற ஜான்சி நீ?"

பிரச்சினை தீர்ந்தது

அன்னிக்குக் கம்பெனி பதிலை மூட்டை கட்டி வெச்சுட்டு, கம்பெனிக்கே நான் எழுதினேன். டோக்கன் பழக்கத்தை எழுதினேன், எங்க ஊர்ப் புகார் எல்லாத்தையும் சேத்தேன். ஆட்டத்தை அழிக்காதீங்க, கீழ போனவனை மேல ஏத்த ஒரு வழி விடுங்கன்னு கேட்டேன். சைத்ராவும் அவங்க பேரைக் கீழ போட்டாங்க. வேலை போனா ரெண்டு பேருக்கும் போகட்டும்னு சொன்னாங்க.

வியாழக்கிழமை சாயங்காலம் பதில் வந்துது: புகாருக்கு நன்றி, சரி செஞ்சாச்சு, யாரோட ஆட்டமும் அழியாது. எனக்குத் தலகால் புரியல. ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போட்டேன். பங்காருபேட்டை தாண்டி ரயில்ல வந்துக்கிட்டிருந்தாங்க. அங்கயே கேமைத் தொறந்தாங்க, நானும் இங்க தொறந்தேன். கூண்டு மேல வந்துது. பலகையில நாலு கொக்கி இல்ல, மூணு கொக்கி. மூணு டோக்கன். எல்லாம் சரியா இருந்துது. தும்பனை எங்கயும் காணோம். கீழ ஒரு குறிப்பு: 'குழப்பத்தைத் தவிர்க்க, விளக்குக்காரன் இனி சுரங்கத்துக்குள் வரமாட்டான். பிரச்சினை தீர்ந்தது.'

அக்காவும் அதையேதான் படிச்சாங்க. பங்காருபேட்டையில ஏறின கூட்டத்துக்கு நடுவுல அக்கா பேசினது மெதுவாத்தான், ஆனா தெளிவாக் கேட்டுது. "அவனை மேல ஏத்துங்கன்னு கேட்டா, அவன் கீழயே எறங்கலன்னு எழுதிட்டாங்களா?"

ஒரு ஆளையே இல்லாம பண்ணதுக்கு ஈடா, புகார் குடுத்த தங்கவயல்காரங்க எல்லாருக்கும் குதிரை மழைக்கோட்டு ஒண்ணு இலவசமாம், அதைச் சந்தோஷமாப் படிச்சுச் சொல்ற வேலையும் எனக்குத்தான்.