குடும்பப் பெயர் கேட்ட இடம்

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுப் புத்தகங்களை இ-ரீடர் என்ற மின்புத்தகக் கருவியில் படிக்கும் கோப்புகளாக மாற்றும் கம்பெனி. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தலைப்பு, ஆசிரியர், மொழி என்று விவரங்கள் இருக்கும், மெட்டாடேட்டா என்பார்கள். அதைப் பார்த்துத் திருத்துவதுதான் என் வேலை. அதில் தப்பு இருந்தால் புத்தகம் ரீடரில் இருந்தும் இல்லாத மாதிரிதான். முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன். பெரிய தப்பு வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது முடிய மூன்று நாள் இருந்தது. மில் மூடியதிலிருந்து வேலையில்லாமல் இருந்த அப்பா, தினமும் சாயங்காலம் முத்தியால்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கே வந்து நின்று, "பர்மனென்ட் ஆர்டர் குடுத்தாங்களாம்மா?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். பயத்தில் இருந்தால் நான் யார்மேலும் எரிந்து விழுவேன்.

அன்று நாற்பது பிரெஞ்சு நாவல்கள். நாலு மணிக்கு அனுப்ப வேண்டும். சோதனை மென்பொருள் ஒரு பிழையும் காட்டவில்லை. அப்படி வந்தால்தான் எனக்கு இன்னும் சந்தேகம் வரும். எல்லாவற்றையும் ரீடரில் ஏற்றி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; பக்கத்து சீட் அக்காவின் குடும்பத்துக்கு இன்னும் பிரெஞ்சு குடியுரிமை உண்டு. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தவர் என் கையிலிருந்த ரீடரை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாரையும் கூப்புடற பேர்ல அடுக்கி வச்சிருக்க? அவங்க குடும்பப் பேர வச்சித்தான தேடுவாங்க."

ஆசிரியரை எந்தப் பெயரில் அடுக்குவது என்று எழுதத் தனியாக ஓர் இடம் உண்டு. நமக்கு அப்பா பெயர் இனிஷியலோடு சரி. அவரவர் பெயர்தான் பெயர். அந்தப் பழக்கத்தில் நாற்பது பேருக்கும் சொந்தப் பெயரையே முன்னால் போட்டிருந்தேன். ஏதோ ஒரு பெயர் இருந்ததால் மென்பொருளும் வாயைத் திறக்கவில்லை.

மணி இரண்டேகால். நாற்பதையும் பிரித்து, மாற்றி, மறுபடி சோதிக்க நேரம் போதாது. அப்படியே அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எழுந்து டீம் லீடரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "நாலுக்குப் போவாது. ஆறுன்னு மெயில் போட்டுடறேன். உக்காந்து முடிங்க," என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா கேட்காமலே பாதிக் கோப்புகளை வாங்கிக்கொண்டார். கடைசிக் கோப்பு போனபோது ஆறடிக்கப் பத்து நிமிடம்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் போர்டில் நிரந்தரமானவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். என் எழுத்து வரும் இடத்தில் என் பெயர் இல்லை. இன்னொரு தரம் பார்த்தேன். இல்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்ற ஒரே நினைப்போடு சீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பட்டியலில் வேறோர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். வேலைக்குச் சேரும்போது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில், வேறென்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பா பெயரை எழுதியிருந்தேன். அந்தப் பெயரின் எழுத்தில்தான் என்னை அடுக்கியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"வந்துடுச்சுப்பா. உன் பேர்லதான் போட்டிருக்காங்க."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் பேருக்கு இனிமே யாரும்மா வேலை குடுக்கப் போறாங்க?" என்றார்.