மூடியில் ஒரு துளை

எங்கள் டோங்கிப் படகில் இருந்த பெட்ரோல் இன்ஜினை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்து, வேலூர்ப் பக்கத்தை விட்டு கிரேட் நிக்கோபாருக்குக் குடியேறியவர் என் வீட்டுக்காரர். அந்தச் சின்னப் படகின் இன்ஜினைத் துடைக்கிற நேரத்தில் கால்வாசி என்னிடம் பேசியிருந்தால் நான் ஏன் பொருமப் போகிறேன்? மழை வந்தால் தார்ப்பாய் முதலில் அதற்கு, பிறகுதான் எங்களுக்கு. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு மலேரியா கண்டது. காய்ச்சல் மூளைக்கு ஏறுவதற்குள் கேம்பல் பே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ரோடு அரித்துப் போயிருந்தது; ஆண்களெல்லாம் அதைச் சரிசெய்யப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரியும் நானும் அவரைத் தூக்கிப் படகில் கிடத்தினோம். பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு ஏறினேன்.

கயிற்றை இழுத்தேன். இன்ஜின் கிளம்பவில்லை. உள்ளங்கை காந்தும் வரை இழுத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“பிளக்கக் கழட்டிப் பாரு. ஈரமா, காஞ்சிருக்கா?”

“காஞ்சி கெடக்குங்க.”

“அப்ப பெட்ரோல் வரல. டாங்கப் பாரு.”

மூடியைத் திருகித் திறந்தேன். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடியை இறுக்கி, பிளக்கை மாட்டி இழுத்ததும் பிடித்துக்கொண்டது. என்னைச் சோதிக்கத்தான் இந்த ஆட்டம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தலையை எடுத்து மடியில் வைத்து, முகத்தில் மழை படாமல் முந்தானையை மூடி, ஒரு கையால் சுக்கான் பிடித்துக் கரையோரமாகவே போனேன்.

கொஞ்ச தூரத்தில் இருமிக்கொண்டு நின்றது. மறுபடி பிளக், மறுபடி டாங்க். மூடியைத் திறந்து மூடினால் ஓடும், பிறகு நின்றுவிடும். அலை படகைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. என்ன செய்ய என்று அவரைக் கேட்டால், காய்ச்சல் பிதற்றலில் யாரோ சுபேதாருக்கு ஹிந்தியில் பதில் சொல்கிறார். இனி நான்தான் யோசிக்க வேண்டும்.

திறந்தால்தானே ஓடுகிறாய், திறந்துகொண்டே ஓடித் தொலை என்று மூடியைத் தளர்த்தினேன். ஓடியது. ஆட்டத்தில் மூடி கழன்று படகுக்குள் விழுந்து எங்கோ உருண்டது. மழை கொட்டுகிறது. டாங்கில் தண்ணீர் இறங்கினால் அத்தோடு கதை முடிந்தது. முந்தானையைச் சுருட்டி டாங்கின் வாய்க்கு மறைப்பாகக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மடியில் ஆளை வைத்துக்கொண்டு அது எட்டவில்லை. அவர் தலையை இறக்கிப் பலகையில் வைத்தேன்.

“தலைய மடில வை. குளிருது,” என்றார். தெளிவாகத்தான் சொன்னார்.

“சும்மா கெடங்க. இது நின்னுடும்,” என்று எரிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. கை நீட்டினால் தொடும் தூரம்தான். மழை நேரே முகத்தில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்த பிறகும் நான் டாங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் நடந்தது நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

கேம்பல் பே படகுத்துறையில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நாடி பார்த்துவிட்டுக் கையை மெதுவாகக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரரை எங்கள் படகிலேயே வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தெலுங்குப் படகுக்காரர் முன்வந்தார். படகின் அடியில் தேடி மூடியை எடுத்தவர், அதைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் காற்றுப் போக ஒரு பொடித் துளை. அதில் சோப்பு அடைத்திருந்தது. மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க சாயங்காலம் அடைத்துவிட்டு, காலையில் குத்தி எடுப்பார்களாம். காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் இறங்காதாம். எங்கள் வீட்டில் அதைச் செய்யக்கூடிய ஆள் ஒருவர்தான்.

“பின் ஹை க்யா, பாபி?” என்று ஹிந்தியில் கேட்டார், ஊக்கு இருக்கிறதா அண்ணி என்று.

தாலிக்கயிற்றில் எப்போதும் ஊக்கு மாட்டியிருப்பேன். ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு குத்துதான், சோப்பு வந்துவிட்டது.

மூடியை இறுக்கிவிட்டு அவர் ஓட்டினார். வீடு வரை என் வீட்டுக்காரரின் தலை என் மடியில் இருந்தது, முந்தானை அவர் முகத்தின் மேல். சக்களத்தி ஒரு தடவைகூட நிற்கவில்லை.