குடிநீர்க் குழாய்க்கு ஒரு மெய்க்கீர்த்தி

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த காலை வேளையில் குமரேசனின் மனைவி மல்லிகா அம்மாள் போன் செய்தார். “சார், அவரு போய்ட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுடுச்சு. காலேஜ்ல சொல்லிடுங்க, வர்றவங்க வரட்டும்” என்றார். சொன்னேன். வேங்கிக்காலில் அவர் வீட்டு வாசலுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் நான்கு பேர். மறுநாள் முதல்வர் என்னை அழைத்து, “காலேஜ் மலர்ல குமரேசனைப் பத்தி ஒரு பக்கம் எழுதிடுங்க. அந்த விஷயம் மட்டும் வேணாம்” என்றார். அந்த விஷயத்தைத்தான் எழுதுகிறேன். மலரில் வராது என்று தெரியும். அவரை அறிந்த உங்கள் கைக்கு வந்தால் போதும்.

குமரேசன் ஆங்கிலத் துறை, நான் தமிழ்த் துறை. பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகள். ஒருநாள் அவர் ‘பர்லெஸ்க்’ பாடம் எடுத்தபோது மாணவர்கள் செல்போனில் தேடி, அரைகுறை உடையில் ஆடும் பெண்களின் படங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. “அதெல்லாம் அப்புறம் மேடையில வந்து சேர்ந்ததுப்பா. இத்தாலியில ‘பர்லா’ன்னா கேலி, அங்கேருந்து வந்த பேரு. ராஜா கதையைச் சந்தைக்கடை பேச்சுல சொன்னாலும் பர்லெஸ்க்தான், சந்தைக்கடையை ராஜா கதை மாதிரி சொன்னாலும் பர்லெஸ்க்தான். ஆனா யாரைக் கேலி பண்றோமோ அவங்களை நல்லா கவனிச்சிருக்கணும். கவனிக்காம பண்ணா அது வெறும் வசவு” என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு கல்லூரியில் குடிநீர் இயந்திரம் ஒன்று திறந்தார்கள். தாளாளர் நாடா வெட்டினார், பேனர் வைத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர் வரவில்லை. குமரேசன் என்னிடம் வந்து, “நம்ம கோயில் கல்வெட்டுல ராஜாவைப் புகழ்ற மாதிரி இந்தக் குழாய்க்கு ஒரு மெய்க்கீர்த்தி வேணும் சார். தமிழ் நீங்க குடுங்க, குரல் நான் குடுக்கறேன்” என்றார். இருவரும் சிரித்துக்கொண்டே எழுதினோம். “திருகினும் நீர் சொரியாத் திருக்குழாய் திறந்தருளிய” என்ற அடி என்னுடையது.

ஆண்டு விழாவில் முதல்வரின் குரலிலேயே, அவர் மூச்சு வாங்கும் இடங்களில் மூச்சு வாங்கி, குமரேசன் அதைப் படித்தார். அரங்கம் அதிர்ந்தது. முதல்வரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த தாளாளர் சிரிக்கவில்லை. அதைக் கவனித்ததும் முதல்வரின் சிரிப்பு நின்றது.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். “இவ்ளோ நல்ல தமிழ் குமரேசனுக்கு வராதே. நீங்க எழுதிக் குடுத்தீங்களா?” என்று கேட்டார்கள். என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். “எனக்கு எதுவும் தெரியாதுங்க” என்றேன். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். குமரேசன் தன் விளக்கத்தில் எல்லாவற்றையும் தானே எழுதியதாகச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருட வேலை ஒரு கடிதத்தில் போனது. பிறகு செங்கம் சாலையில் ஒரு மாடியறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தினார். நான் ஒருநாளும் அந்த மாடி ஏறவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது கலெக்டர் ஆபீஸ் பஸ் நிறுத்தத்தில். நானே போய்ப் பேசினேன். “அன்னிக்கு நான்...” என்று ஆரம்பித்தேன். அவர் தோளைக் குறுக்கினார். ஒற்றை விரலால் இல்லாத கண்ணாடியை மேலே தள்ளினார். “எனக்கு எதுவும் தெரியாதுங்க” என்றார். கடைசி எழுத்தில் என் குரல் கம்மிப்போவதுகூட அப்படியே இருந்தது. விசாரணையில் நான் அதைச் சொன்னபோது அவர் அந்த அறையில் இல்லை. ஆனாலும் நான் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“சரியா வந்துச்சா சார்?” என்று கேட்டார்.

“அப்படியே இருக்கு” என்றேன். அவருடைய பஸ் வந்துவிட்டது.

குமரேசனின் எத்தனையோ குரல்கள் உங்களில் பலரிடம் இருக்கும். என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.