கை தட்டாத அறுபது பேர்

கை தட்ட மாட்டோம் என்ற அறுபது பேரின் நிபந்தனைக்குத் தலையாட்டிவிட்டு, அவர்களை ஒரு பாடகியின் கச்சேரிக்குக் கூட்டிப்போன சவுண்ட்காரன் இந்த நகரத்தில் நான் ஒருவன்தான். அதைப் பாடகிக்குச் சொல்லாமல் விட்டவனும் நானேதான். சவுண்ட் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். ஸ்பீக்கரை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதெல்லாம் இப்போது யூரியூபில் இருக்கிறது. இது அங்கே இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

1. லிஃப்டில் ஒரு கிற்றார்

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் இருந்தேன். சொந்தமாக ஒரு வான், நான்கு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு மிக்ஸர், ‘உரிமையாளர்’ என்று அச்சடித்த விசிற்றிங் கார்ட். கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று சனி ஞாயிறு ஓய்வே இராது. அந்த வருடம் தை மாதத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. எங்கள் சனம் பதாகைகளோடு ரோட்டில் நின்றது. இதற்குள் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை மேசையாக்கி அதன் மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

லொரேனை லிஃப்டில் சந்தித்தது அப்போதுதான். பாடசாலை பஸ் ஓட்டும் கறுப்பினப் பெண்மணி, எனக்கு மேல் மாடி. தோளில் கிற்றார் பை. தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள, “சேர்ச்சில் பாடுறனீங்களோ?” என்று கேட்டேன்.

“நீயுமா?” என்றார். சிரிக்கவில்லை.

லொரேன் கன்ட்ரி பாடுபவர். லொறி, வயல், விட்டுப்போன காதலன் என்று, கவ்போய் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் பாடுவதாக நான் நினைத்துவைத்திருந்த அதே சங்கீதம். அவர் பிறந்தது நோவா ஸ்கோஷியாவில், கறுப்பினத்தவர் பல தலைமுறையாக வாழ்ந்த ஒரு சிறிய குடியிருப்பில். தகப்பன் லொறி மெக்கானிக். கராஜ் ரேடியோவில் கன்ட்ரியைத் தவிர வேறொன்றும் பாடாதாம். லொறிக்கு அடியில் கிடந்த தகப்பனின் கால்களுக்குப் பாடிக்காட்டித்தான் பாட்டுப் பழகினாராம்.

“என்ர சீடியைக் கேட்டிட்டுச் சந்தோசமாப் போன் எடுப்பினம். நேரிலை கண்ட உடனை, நீங்கள் சேர்ச்சிலை பாடுற கோஸ்பல்தானே பாடுறனீங்கள் எண்டு கேப்பினம். எங்கட சேர்ச் ஆக்களோ, உனக்கேன் உந்த வெள்ளையளின்ர பாட்டு எண்டு கேக்கினம். நான் எங்கை போய்ப் பாட?” என்றார். அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் எல்லாம் யாழ்ப்பாணமாகத்தான் விழும்.

பெட்டிகளும் சும்மா கிடந்தன, நானும் சும்மா கிடந்தேன். அவருக்குச் சவுண்ட் செய்யத் தொடங்கினேன். பாட்டைக் கேட்டு ரசிக்கிற ஆள் இல்லை நான். சத்தம் எல்லை மீறி மிக்ஸரில் சிவப்பு லைற் எரிகிறதா என்றுதான் பார்ப்பேன். முதல்நாள் லொரேன் பாடியபோது அது எரிந்ததை வேறொருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது.

2. ரஞ்சி அன்ரியின் நிபந்தனை

வைகாசியில், அல்பேர்ட்டாவில் பெரிய கோடை விழா நடத்தும் ஒருவர் லொரேனைக் கூப்பிட்டார். “உன்ர குரலிலை எனக்குச் சந்தேகமில்லை. உனக்கு முன்னாலை சனம் இருந்து கேக்குமோ எண்டதுதான் சந்தேகம்” என்றாராம். ஒரு ஞாயிறு ரொறன்ரோ வருவதாகவும், அன்று சனத்துக்கு முன்னால் லொரேன் பாடுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் பேச்சு. பத்து வருடமாகத் தட்டிய கதவு அது.

லொரேன் எங்கள் கட்டிடத்தின் பார்ட்டி ஹோலை எடுத்தார். ஹோல் இருந்தது. சனம் இல்லை.

“உன்ர ஆக்கள் வருவினமோ?” என்று கேட்டார்.

“அறுபது பேர் காணுமோ?” என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு ஒரு படி முன்னால் போகும்.

சண்டை முடிந்துவிட்டது என்று ரீவி சொல்லி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. முடிந்த விதத்தை எழுத நான் ஆளில்லை. கட்டிடத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ரீவி வெளிச்சத்தில் ஆட்கள் பேசாமல் இருந்தார்கள். எங்கள் கட்டிடத் தமிழ்ச் சனத்துக்கு ரஞ்சி அன்ரி சொன்னால் சரி. மன்னார்க்காரி, ஏழாம் மாடி. அவருடைய தம்பி குடும்பம் வன்னிக்குள். ஒரு தகவலும் இல்லை. அவரிடம் போய் நின்றேன்.

“உனக்கென்ன விசரே? சனம் அங்கை செத்துக் கிடக்குது. இஞ்சை பாட்டுக் கச்சேரியோ?”

“அன்ரி, இது கொண்டாட்டப் பாட்டில்லை. அழுகிற பாட்டு. வீடு போச்சு, தாய் போச்சு, லொறி போச்சு எண்டுதான் பாடுவினம்.”

“லொறிக்கும் அழுவினமோ?”

“நாய்க்கே அழுவினம் அன்ரி.”

சுவரடியில் இருந்த போனை ஒருதரம் பார்த்தார். “சரி, வாறம். ஆனா ஒருத்தரும் கை தட்டக் கூடாது. கை தட்டினா அது களியாட்டம். செத்தவீட்டிலை இருக்கிற மாதிரி இருப்பம். உனக்குச் சம்மதமெண்டாச் சொல்லு.”

எனக்கு அறுபது தலைகள் வேண்டும். கைகளைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

3. மூன்று பாட்டு

ஞாயிறு பின்னேரம் அறுபது பேரும் வந்தார்கள். ஒருவரும் பிந்தவில்லை. தமிழ் நிகழ்ச்சி வரலாற்றில் அதுவே ஓர் அபசகுனம். வெளிறிய நிறச் சேலைகள், வெள்ளை சேர்ட்டுகள். விழாக்காரர் அகன்ற தொப்பியோடு கடைசி வரிசையில் இருந்தார். லொரேனிடம் விஷயத்தைச் சொல்லத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கேபிள் உறுமத் தொடங்கியது. கேபிளை மாற்றுவது சொல்வதைவிட இலகு.

முதல் பாட்டு முடிந்தது.

சவுண்ட்காரனுக்கு நிசப்தம் என்று ஒன்று கிடையாது. ஸ்பீக்கரின் இரைச்சல், பின்னால் குசினியில் ஃபிரிட்ஜின் மோட்டார், யாரோ விழுங்கிய எச்சில் எல்லாம் கேட்டன. தொப்பிக்காரர் மட்டும் இரண்டு தரம் தட்டினார். சுற்றிப் பார்த்தார். கைகளைத் தொடைகளுக்கிடையில் ஒளித்துக்கொண்டார்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் லொரேன், சுருதி சரியாக இருந்த கிற்றாருக்குச் சுருதி பார்த்தார். மூன்றாவது முடிந்ததும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. ஒன்ராறியோவின் வடக்கே ஒரு ஊரில், அவர் மேடையை விட்டு இறங்கும்வரை சனம் வேண்டுமென்றே வாய் மூடி இருந்த கதையை எனக்குச் சொல்லியிருக்கிறார். இதுவும் அதுதான் என்று நினைத்துவிட்டார். கிற்றார் பட்டியைத் தோளிலிருந்து கழற்றினார்.

நான் ஓடினேன். மேடையில் ஏறி அவர் காதோடு சொன்னேன்: “போகாதேங்கோ. அவை உங்களை வெறுக்கேல்லை. இந்த மாசம் அவையின்ர ஆக்கள் செத்துப்போச்சினம். கை தட்டினாத் துக்கத்துக்கு மரியாதை இல்லை. தட்ட வேண்டாமெண்டு ஒத்துக்கொண்டது நான். உங்களுக்குச் சொல்லாமல் விட்டதும் நான்தான்.”

என் குரல் நான்கு பெட்டிகளிலும் கணீரென்று கேட்டது. மேடைக்குப் போகுமுன் மைக்கை மியூட் பண்ணு. தொழிலில் முதல்நாள் படிக்கும் பாடம் அது. அன்று ஹோலில் மிகத் தெளிவாகக் கேட்ட சத்தம் அந்த ஒப்புதல் வாக்குமூலம்தான்.

லொரேன் என்னைப் பார்க்கவில்லை. சனத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ரஞ்சி அன்ரி மடியில் கைகோத்து இருந்தார். லொரேன் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

“எங்கட இடத்திலையும் செத்தவீட்டிலை பாடுவம். கை தட்டுறேல்லை” என்றார். என்னிடம், “மைக்கைப் பதிச்சு விடு” என்றார்.

பிறகு பாடியதை நான் இன்றுவரை வேறெங்கும் கேட்டதில்லை. ஒரு பாட்டின் கடைசி அடி ஓயுமுன் அடுத்ததன் முதல் தந்தி ஒலிக்கும். நன்றி இல்லை, பகிடி இல்லை, அறிமுகம் இல்லை. கை தட்டுவதற்கு அவர் இடமே வைக்கவில்லை. ஆகவே யாரும் தட்டாதது தெரியவும் இல்லை. முதல் மூன்று பாட்டிலும் யாரையோ வெல்லப் பாடிய குரல், இப்போது பக்கத்தில் வந்து குந்தியிருந்தது. ரஞ்சி அன்ரியும் வேறு சில அன்ரிமாரும் அழுதார்கள். ஆண்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

முடிந்ததும் அறுபது பேரும் எழும்பினார்கள். லொரேன் கை குலுக்க வாசலடிக்கு வந்தார். செத்தவீட்டில் ‘போயிட்டு வாறன்’ சொல்லும் வழக்கம் எங்களுக்கில்லை. ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். நீட்டிய கையோடு அவர் நின்றார். அதையும் நான் சொல்ல மறந்திருந்தேன்.

தொப்பிக்காரர் அந்தக் கையைப் பிடித்தார். “என்ர விழாவிலை பாட்டு நடக்கேக்கையே சனம் பியருக்கு லைனிலை நிக்கும். இவை அசையேல்லை. மத்தியான வெயிலிலைதான் இடமிருக்கு, வாறியா?” என்றார்.

லொரேன் போனார். மத்தியானத்திலிருந்து பின்னேரத்துக்கும், பின்னேரத்திலிருந்து இரவு மேடைக்கும் வர அவருக்கு நான்கு கோடை பிடித்தது. முதல் இரண்டிலும் என் வானில்தான் ஒன்ராறியோவின் சிற்றூர்களைச் சுற்றினோம். எங்கு போனாலும் அவரிடம் கோஸ்பல் குழு எங்கே என்றும், என்னிடம் சாப்பாடு எப்போது வரும் என்றும் கேட்பார்கள். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து மேடைகள், 401 நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது அவர் வானுக்குள் முணுமுணுக்கும் புதுப் பாட்டுகள். என் தொழிலில் மறுபடி ஒருமுறை தா என்று கேட்கக்கூடிய நாட்கள் அவைதான். பிறகு அவருக்குப் படித்த இன்ஜினியர்கள் வந்தார்கள். ரேடியோவில் அவர் குரல் வந்தால் நான் இப்போதும் வானை ஓரங்கட்டுவேன்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வந்தது இதுதான். மைக்கை மியூட் பண்ணுங்கள். அதோடு, சனம் சத்தம் போடாததை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள்.

மொழி தெரியாத சனத்தையும் இசை கட்டிப்போடும் என்று அந்தக் கச்சேரி முடிந்த அன்று எனக்குப் பெரிய புளுகமும் பெருமையும். மறுநாள் லிஃப்டில் ரஞ்சி அன்ரியிடம் அதைச் சொன்னேன். எந்தப் பாட்டு அவரை அழவைத்தது என்றும் கேட்டேன்.

“எனக்கொரு கோதாரியும் விளங்கேல்லைத் தம்பி” என்றார். “வீட்டிலை இருந்தா ஊரிலையிருந்து போன் அடிக்கும், எடுக்கப் பயம். ஹோலுக்குள்ளை ரெண்டு மணித்தியாலம் அடிக்காது. அதுக்குத்தான் வந்தனான்.”